அன்னாசிப் பாகில் பன்றி இறைச்சி

நாற்பது நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் நிறைவுற்று, பாஸ்கா இரவுத் திருப்பலியில் அல்லேலூயா ஒலித்து ஓய்ந்தபின், கத்தோலிக்க இல்லங்களின் அடுப்பங்கரையில் ஒரு கேள்வி எழுகின்றது. உயிர்ப்புப் பெருவிழாவின் நண்பகல் விருந்துக்கு எதைச் சமைப்பது? ஆட்டிறைச்சியின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. கோழியோ எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் உண்ணும் பொருளாகிவிட்டது. கடலோர மக்களுக்கு மீன் அன்றாட உணவு. அதைத் திருநாள் உணவு என்று பிள்ளைகள் ஏற்பதில்லை. இந்நிலையில் நம் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிற்குக் கைகொடுப்பது பன்றி இறைச்சி. அதனை அன்னாசிப் பழத்தின் சாற்றிலும் கருப்பட்டிப் பாகிலும் மெருகேற்றிச் சமைத்து, சோற்றோடும் காய்கறிகளோடும் படைக்கும் முறையை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். சமையல் குறிப்பு மட்டும் தந்து நிறுத்திக்கொள்ள மனமில்லை. இவ்விறைச்சியைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் அச்சங்களும் தயக்கங்களும் பல. அவற்றுள் சில நியாயமானவை, சில ஆதாரமற்றவை.

இவ்விருந்துக்குப் பொருத்தமான ஊராகப் புன்னக்காயலை நாம் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, தன் நெடும்பயணத்தை முடித்துக்கொண்டு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடம் அது. ஆற்றின் கடைசி அணைக்கட்டான திருவைகுண்டத்தைத் தாண்டி, ஏரல், ஆத்தூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் நனைத்துவிட்டு வரும் நீர், இங்கே உப்பாகின்றது. வயலில் விளைந்தது ஆற்றின் வழியே ஊரை வந்தடையும். மறுகரை நாடுகளில் விளைந்தது கடல் வழியே வந்திறங்கும். இவ்விரண்டும் ஒரே சட்டியில் சந்திப்பதே நாம் கூறப்போகும் சமையல்.

கடல் வழியே வந்தவை எவையெனச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இம்முத்துக்குளித்துறையில் காலடி வைத்தார். அவருக்குப் பின் வந்த என்றீக்கு என்றீக்கஸ் அடிகளார் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கரையில் உழைத்து, 1600-இல் புன்னக்காயலில் உயிர்நீத்தார். தமிழெழுத்தில் முதன்முதலாக அச்சேறிய நூல்களை உருவாக்கிய பெருமகனார் அவரே. 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' அவரது பணி. திருநாள்களையும் புனிதர்களையும் பற்றிய 'அடியார் வரலாறு' 1586-இல் அச்சானது. அக்காலத்துப் போர்த்துக்கேயக் கப்பல்கள் குருக்களை மட்டுமா கொணர்ந்தன? அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயையும், கொய்யாவையும், பப்பாளியையும், அன்னாசியையும் சேர்த்தே கொணர்ந்தன. 'அன்னாசி' என்னும் பெயர் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் மொழியில் பிறந்து, போர்த்துக்கேயர் நாவில் ஏறி, நம்மிடம் வந்து தங்கிற்று. சோற்றுத் தட்டை வைக்கும் 'மேசை'யும், தண்ணீர் அருந்தும் 'கோப்பை'யும், உணவுப் பண்டங்களைப் பூட்டி வைக்கும் 'அலமாரி'யும், அதன் 'சாவி'யும் அம்மொழி தந்த சொற்களே. ஆகவே, அன்னாசியைப் பன்றி இறைச்சியோடு சேர்ப்பதைப் புதுமோகம் என எவரேனும் குறை கூறுவாராயின், அக்குறையை மேசையின்மீது கைவைத்துக்கொண்டு கூறலாகாது.

இறைச்சியைக் காடியிலும் வெள்ளைப்பூண்டிலும் ஊறவைக்கும் வழக்கமும் அக்கப்பல்களிலேயே வந்தது. மதுவும் பூண்டும் சேர்த்து ஊறிய இறைச்சியே போர்த்துக்கேயரின் மூல உணவு. அவர்களுக்குரிய மதைரா தீவில் இன்றும் அது கிறிஸ்துமஸ் உணவு. கோவாவை அடைந்ததும் திராட்சை மதுவின் இடத்தைத் தென்னங்கள்ளின் காடி பிடித்துக்கொண்டது, மிளகாய் சேர்ந்தது, பெயரும் தேய்ந்து 'விந்தாலு' ஆயிற்று. பெயரில் உள்ள 'ஆலு'வை இந்திச் சொல்லாகக் கருதி உருளைக்கிழங்கைப் போடுகின்ற உணவகங்கள் இருக்கின்றன. அது பூண்டைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் எச்சமே. ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸ் நாட்டிலோ கத்தோலிக்கர்கள் பன்றித் தொடையை அன்னாசிச் சாற்றிலும் சர்க்கரையிலும் மெல்ல வேகவைத்து, கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கின்றனர். அதற்கு 'ஹமொனாடோ' என்று பெயர். ஆக, கோவாவின் புளிப்பும் காரமும், பிலிப்பைன்ஸின் இனிப்பும் நம் கருப்பட்டியோடு கலந்தால் கிடைக்கும் உணவு, நம் கரைக்கு அந்நியமாகாது.

இனித் தயக்கங்களுக்கு வருவோம். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல் பன்றியைத் தீட்டான விலங்கு என்று விலக்கியிருக்கின்றதே, நாம் உண்ணலாமா என்று கேட்கும் விசுவாசிகள் இன்றும் உள்ளனர். பிரிந்த சபைகள் சிலவற்றின் போதகர்கள் நம் வீடுகளுக்கு வந்து இக்கேள்வியை விதைத்துச் செல்வதும் உண்டு. திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்குமாறு அத்தகையோரை வேண்டுகின்றோம். யோப்பா நகரில், கடலோரத்தில் இருந்த தோல் பதனிடும் சீமோனின் வீட்டு மாடியில், பசித்திருந்த பேதுரு கண்ட காட்சி அங்கே விவரிக்கப்படுகின்றது. பெரிய விரிப்பு ஒன்றில் எல்லாவகை உயிர்களும் இறக்கப்பட்டதும், உண்ணுமாறு அவர் பணிக்கப்பட்டதும், அவர் மறுத்ததும், மும்முறை அது நிகழ்ந்ததும் நாம் அறிந்தவையே. ஆனால் அக்காட்சி எங்கே முடிந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேதுரு பன்றியைத் தேடிச் செல்லவில்லை. செசரியா நகரில் கொர்னேலியு என்னும் பிற இனத்து நூற்றுவர் தலைவனின் வீட்டினுள் நுழைந்தார். உணவைப் பற்றிய காட்சி, உடன் அமரத் தகாதவர் என எண்ணப்பட்ட மனிதரோடு உடன் அமர்வதில் முடிந்தது.

இதை நாம் வலியுறுத்தக் காரணம், நம் நாட்டில் பன்றி இறைச்சியின்மீது உள்ள இழிவு மதத்தால் மட்டும் வந்ததன்று. அதனை உண்போரைத் தாழ்ந்தோர் எனக் கருதும் சாதிப் பார்வையும் அதில் கலந்திருக்கின்றது. வீட்டில் சுவைத்து உண்டுவிட்டு, அலுவலகத்திலோ கல்லூரியிலோ கேட்டால் ஆட்டிறைச்சி என்று மாற்றிச் சொல்லும் இளைஞர்கள் நம்மிடையே இல்லையா? நேர்மையாக உழைத்து ஈட்டிய பணத்தில் வாங்கிய உணவை மறைக்க வேண்டிய கட்டாயம் கிறிஸ்தவனுக்கு இல்லை. (வனத்து அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பன்றி நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். நடுக்கால ஐரோப்பாவில் அவர் பெயரால் அமைந்த துறவியர், நோயாளர் இல்லங்களைப் பன்றி வளர்ப்பின் வருவாயால் பேணினர். அப்பன்றிகளின் கழுத்தில் மணி கட்டித் தெருவில் விட்டனர். தோல் நோய்க்கு அதன் கொழுப்பையே பூசினர். அந்தப் பன்றியே சுரூபத்தில் இடம்பெற்றது.)

தூய்மையைப் பற்றிய அச்சமோ வேறு வகை. அதை நாம் புறந்தள்ளமாட்டோம்; ஏனெனில் அது உண்மையானது. ஆயினும் பெரும்பாலோர் அதைப் பாதியாகவே புரிந்துகொண்டுள்ளனர். பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம்பருவம், அரிசிமணி போன்ற வெண்ணிறக் கொப்புளமாகத் தங்கியிருக்கக்கூடும். அவ்விறைச்சியை அரைவேக்காடாக உண்பவரின் குடலில் அது நாடாப்புழுவாக வளரும். அம்மனிதரின் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். திறந்த வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி உண்டால் வட்டம் மீண்டும் தொடங்கும். இதுவரை பலரும் அறிவர். இதைவிடக் கொடியது, அம்முட்டைகள் மனிதரின் வாய்க்குள்ளேயே செல்வது. கழுவாத கையின் வழியாகவோ, மாசுபட்ட நீரின் வழியாகவோ, நன்கு கழுவாத பச்சைக் காய்கறியின் வழியாகவோ அவை உள்ளே சென்றால், கொப்புளம் மனிதரின் மூளையில் தங்கும். வலிப்பு நோய் உண்டாகும். பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொட்டறியாத சைவ உணவினருக்கும் இது வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் எனக் கண்டறிந்தனர்.

வலிப்பு நோய் கண்ட பிள்ளையைப் பேய் பிடித்ததென்று மறைத்து வைப்பதும், அதன் பொருட்டுப் பெண்ணின் திருமணம் தடைபடுவதும் நம் ஊர்களில் நடவாதவை அல்ல. மூன்றில் ஒரு பங்கு, கழிப்பறையாலும் சோப்பாலும் தடுக்கத்தக்க நோய் என்றால், அதைப் பாஸ்கா விருந்துக் கட்டுரையில் எழுதுவது பொருத்தமே. மருந்தும் உண்டு, மருத்துவரை அணுகுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆகவே இறைச்சியை எங்கே வாங்குகின்றோம் என்பது முதற்கேள்வி. தெருவிலும் சாக்கடையிலும் அலைந்து திரியும் கரும்பன்றியின் இறைச்சியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கலாகாது. கொட்டகையில் அடைத்து, தீவனம் கொடுத்து வளர்க்கப்படும் வெண்பன்றியையே நாட வேண்டும். யார்க்‌ஷயர் வழிவந்த இவ்வினத்தைத் தமிழகத்தில் பரப்பியதில் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திற்குப் பங்குண்டு. வாங்கும்போது தசை இளஞ்சிவப்பாகவும், கொழுப்பு வெண்மையாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். தசைநார்களுக்கிடையே வெண்மணிகள் தென்படின் வாங்காமல் திரும்புக. தோள்பட்டைப் பகுதி நம் சமையலுக்கு ஏற்றது. தொடையைவிட அதில் கொழுப்பு ஊடுருவி இருப்பதால் நெடுநேரம் வெந்தாலும் நாராகாது, விலையும் பெரும்பாலும் குறைவு.

எட்டுப் பேர் கொண்ட குடும்பத்திற்கு ஒரு கிலோ எலும்பில்லாத இறைச்சி போதும். போதாது என்று முணுமுணுக்கும் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். பாஸ்கா ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் வருவது. எனவே திருநாள் முடிந்த கையோடு, சில ஆண்டுகளில் திருநாளுக்கு முன்னரே, படகுத் தொழிலாளரின் வீட்டில் வருவாய் நின்றுபோகின்றது. மூன்று கிலோ இறைச்சி வாங்கி ஒரே நாளில் உண்டு, அதன் கடனை இரண்டு மாதம் வட்டியோடு சுமப்பதைக் காட்டிலும், ஒரு கிலோவைப் பழத்தாலும் காய்கறியாலும் பெருக்கி நிறைவாக உண்பது அறிவுடைமை. அன்றியும் நாற்பது நாள் இறைச்சி தொடாத வயிறு, முதல் நாளே கொழுப்பு மிகுந்த உணவை அளவின்றி ஏற்றுக்கொள்ளாது.

தேவையான பொருள்களைக் கூறுவோம். இறைச்சி ஒரு கிலோ, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கியது. சிறு வெங்காயம் கால் கிலோ. வெள்ளைப்பூண்டு பதினைந்து பல். இஞ்சி இரண்டு அங்குலத் துண்டு. மிளகாய் வத்தல் பத்து. பிள்ளைகள் உண்பதானால் ஆறு. நல்லமிளகும் சீரகமும் தேக்கரண்டி ஒவ்வொன்று. கிராம்பு ஆறு, பட்டை இரு சிறு துண்டு, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. காடி நான்கு மேசைக்கரண்டி. நடுத்தர அளவில் நன்கு பழுத்த அன்னாசி ஒன்று. கருப்பட்டி ஐம்பது கிராம். உப்பு.

காடியைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகின்றது. கோவாவில் பயன்படும் கள்ளுக்காடி நம் பக்கத்தில் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருந்து வருகின்றது. தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துச் செய்த காடி கிடைத்தால் மிக நன்று. கிடைக்காவிடில் கடையில் விற்கும் வினிகரை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்து, அதனோடு எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். புளியங்குடி எலுமிச்சை நம் சந்தைகளுக்கு வராத நாளில்லை. கருப்பட்டியோ, திருச்செந்தூரை அடுத்த உடன்குடியிலிருந்து வருவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. அதற்குப் பதிலாகச் சீனியை இட்டால் இனிப்பு மட்டுமே கிடைக்கும். கருப்பட்டியில் உள்ள மெல்லிய கரிப்பும் புகை மணமும் கிடைக்கா. கொழுப்பின் திகட்டலை வெட்டுவது அந்தக் கரிப்புத்தான் என்பது நம் கருத்து.

வத்தல், மிளகு, சீரகம், கிராம்பு, பட்டை ஆகியவற்றை எண்ணெயின்றி இளஞ்சூட்டில் வறுத்து, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தில் பாதி ஆகியவற்றோடு சேர்த்து, காடி விட்டு, அம்மியில் வெண்ணெய்போல அரைக்கவும். தண்ணீர் சேர்க்க வேண்டாம். கழுவி நீர் வடித்த இறைச்சியில் உப்பும் மஞ்சளும் தடவி, அரைத்த விழுதைப் பிசறி, இரண்டு மணி நேரம் ஊறவிடுக. குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில் பெரிய சனிக்கிழமை மாலையே ஊறவைத்துவிட்டுத் திருவழிபாட்டுக்குச் செல்லலாம். அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைத்தல் கூடாது. காடி உலோகத்தை அரிக்கும். மண்சட்டி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவை ஏற்றவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அன்னாசியையும் இப்போதே சேர்த்து இரவெல்லாம் ஊறவைத்தால் இன்னும் சுவைக்கும் எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு செய்தால் காலையில் இறைச்சி கூழாகியிருக்கும். பச்சை அன்னாசிச் சாற்றில் புரோமெலைன் என்னும் நொதிப்பொருள் இருக்கின்றது. பப்பாளிக்காயில் உள்ளதைப் போன்று அதுவும் தசைநாரைக் கரைக்கும் தன்மையது. அன்னாசியை மிகுதியாக உண்டால் நாக்கு எரிவதற்கும் அதற்குப் பங்குண்டு. சூட்டில் அதன் ஆற்றல் அழிந்துவிடும். ஆகையால் பழம் அடுப்பில்தான் இறைச்சியைச் சந்திக்க வேண்டும்.

அடி கனத்த சட்டியை அடுப்பிலேற்றி, கொழுப்பு மிகுந்த துண்டுகள் சிலவற்றை முதலில் இட்டு உருக்கவும். எண்ணெய் தேவையே இல்லை. அக்கொழுப்பில் எஞ்சிய வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, ஊறிய இறைச்சி முழுவதையும் கொட்டி, பச்சை வாடை நீங்கும் வரை கிளறி, இரண்டு கோப்பை வெந்நீர் விட்டு மூடி, சிறுதீயில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வேகவிடவும். விரைவை நாடுவோர் அழுத்தக் கொதிகலனில் வைக்கலாம், குறையொன்றுமில்லை. துண்டின் நடுவில் குத்தினால் முள் தடையின்றி இறங்க வேண்டும். கசியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். பிளந்து பார்த்தால் உள்ளே சிவப்பு தென்படலாகாது. வெப்பமானி உள்ளவர்களுக்கு 71 பாகை செல்சியஸ் பாதுகாப்பான அளவு. மணிக்கணக்கில் கொதித்த துண்டு அதனை எப்போதோ கடந்திருக்கும். புழுவின் கொப்புளம் இவ்வேக்காட்டில் பிழைப்பதில்லை.

இறைச்சி வேகும் நேரத்தில் பாகைத் தயாரிக்கலாம். அன்னாசியின் தோலும் கண்களும் நடுத்தண்டும் நீக்கி, ஒரு பாதியைச் சிறு துண்டுகளாக்குக. மறுபாதியை அரைத்துச் சாறு பிழிக. கருப்பட்டியை அரைக் கோப்பை நீரில் கரையவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டவும். கருப்பட்டியில் மணல் இருப்பது நாம் அறிந்ததே, திருநாள் உணவில் பல்லுக்கிடையே மணல் நெறுநெறுத்தால் இரண்டு மணி நேர உழைப்பு வீணாகும். சாறும் கருப்பட்டி நீரும் சேர்ந்து கொதித்து, பாதியாகச் சுண்டி, அகப்பையின் பின்புறத்தில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்குக. கம்பிப் பாகு வரை விடலாகாது.

இச்சமையலின் நுட்பம் முழுவதும் இனிவரும் பத்து நிமிடங்களில் அடங்கியிருக்கின்றது. புளிப்பு முதலில், இனிப்பு கடைசியில் என்பதே விதி. தொடக்கத்திலேயே கருப்பட்டியை இட்டால், இறைச்சி வேகுமுன் பாகு அடிப்பிடித்துக் கருகும். கருகிய இனிப்பின் கசப்பை எதனாலும் போக்க இயலாது. எனவே இறைச்சி நன்கு வெந்து நீர் வற்றிய பின்னரே, மேலே மிதக்கும் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, பாகை ஊற்றுக. தீயை நடுத்தரமாக்கி, சட்டியைவிட்டு அகலாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழத்துண்டுகளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கவும். பாகு மெல்லச் சுண்டித் துண்டுகளின்மேல் படியும். பழுப்பு நிறம் செம்பழுப்பாகி, நெய் பூசிய தேக்குப்போல மின்னும். அந்நிலையில் இறக்கி, நல்லமிளகுத்தூள் ஒரு சிட்டிகை தூவுக. இறக்கியபின்னும் சட்டியின் சூட்டில் பாகு இறுகும் என்பதால், சற்று இளகலாய் இருக்கும்போதே இறக்குவது நன்று.

இதற்கு வெறுஞ்சோறே துணை. பிரியாணியோ நெய்ச்சோறோ இங்கே மிகை. இரண்டு செல்வந்தரை ஒரே பந்தியில் அமர்த்தினால் ஒருவரையொருவர் மறைப்பர். தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் அம்பை 16 அரிசி, 1986-இல் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகம்; குட்டையாய்த் தடித்த மணி; பாகைத் தாங்கும் சோறு. ஒரு கிலோ அரிசியை நிறைந்த நீரில் கொதிக்கவிட்டு, கஞ்சியை வடித்து, மூடி வைத்தால் போதுமானது.

காய்கறிகளில், ஏரல் பக்கத்து வாழைக்காயைத் தோல் சீவி, கனமான வட்டங்களாக்கி, மஞ்சளும் உப்பும் இட்ட நீரில் அரைவேக்காடு வேகவைத்து, வதக்கிக்கொள்ளலாம். வடித்து வைத்த பன்றிக் கொழுப்பில் ஒரு கரண்டி இட்டு வதக்கினால் ஓரங்கள் முறுகி, சுவை கூடும். வெண்டையோ அவரையோ தேங்காய்ப்பூ தூவிய பொரியலாக இருக்கட்டும். இவ்விரண்டோடு குளிர்ச்சிக்கு வெள்ளரிக்காயும் சிறு வெங்காயமும் நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்த பச்சடி ஒன்று. மேலே நாம் கூறிய நோயை நினைவிற்கொண்டால், விருந்து முழுவதிலும் மிகுந்த கவனத்திற்குரியது இப்பச்சடியே என்பது விளங்கும். மற்ற யாவும் நெருப்பைக் கடந்து வருகின்றன, இது ஒன்றே பச்சையாய் வருகின்றது. ஓடுகின்ற நீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளரியின் தோலைச் சீவி, நறுக்குமுன் கையைச் சோப்பினால் கழுவுக. இறைச்சி வெட்டிய பலகையில் இதனை நறுக்கவே கூடாது.

அண்டை வீட்டாரைப் பற்றியும் கூற வேண்டும். புன்னக்காயலுக்கு அருகில் இருப்பது காயல்பட்டினம். தொன்மையான இசுலாமியப் பெருநகர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரைபுரண்டதையும், ஏரல், ஆத்தூர் வாழைகள் அழிந்ததையும், கிறிஸ்துமசுக்கு ஒரு வாரமே இருந்த அந்நாள்களில் ஆற்றுமுகத்து ஊர்கள் பட்ட பாட்டையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அம்மழை எந்த வீட்டின் சமயத்தையும் கேட்டுப் பெய்யவில்லை. இசுலாமிய நண்பர்களோடும், இவ்விறைச்சியை உண்ணாத இந்து நண்பர்களோடும் திருநாள் மகிழ்வைப் பகிர விரும்பும் குடும்பங்கள், உணவின்பொருட்டுச் சகோதரனுக்கு மனவருத்தம் விளைவிக்கலாகாது என்று உரோமையருக்கு எழுதிய புனித பவுலடியாரின் அறிவுரையை நடைமுறையில் காட்ட வேண்டும். இசுலாமியருக்கு ஆட்டிறைச்சி அனுப்புவதும் தக்கதன்று. அவர்கள் முறைப்படி அறுத்த இறைச்சியையே உண்பர். தூத்துக்குடி மக்ரூனும், வாழைப்பழமும், வெண்டைப் பொரியலும் அனுப்பலாம். பொரியலைத் தேங்காயெண்ணெயில், வேறு சட்டியில், வேறு அகப்பையால், பன்றி இறைச்சி அடுப்பேறுமுன் செய்து எடுத்து வைத்துவிட வேண்டும். மேற்கூறியவாறு கொழுப்பில் வதக்கிய வாழைக்காய் அவர்கள் வீட்டுக்குச் செல்லவே கூடாது. அவர்கள் கேட்காமலேயே இவற்றைச் சொல்லி அனுப்பும் இல்லத்தரசியை அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர்.

இரத்த அழுத்தமும் இதயநோயும் உள்ள முதியோர்க்கு மெல்லிய துண்டுகளாகத் தேர்ந்து, இரண்டு மூன்று போதும். நீரிழிவு உள்ளவர்கள் பாகு குறைவான துண்டையும், பொரியலையும் நாடுக.

மிஞ்சிய இறைச்சியை அறையின் சூட்டில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்காமல், ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். காடியும் கருப்பட்டியும் ஊறுவதால் மறுநாள் சுவை மிகும். பாஸ்கா திங்களன்று ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, பாகு இளகிக் கொதிக்கும்வரை சூடாக்கி, முந்தைய இரவு நீரூற்றி வைத்த பழைய சோற்றுக்கு இரண்டு துண்டும், கடித்துக்கொள்ள ஒரு சிறு வெங்காயமும் வைத்துப் பாருங்கள். எங்களிடம் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை விருந்தைவிட இதற்கே முதலிடம் தருவோம்.